கால் லிட்டர்

காலை ஆறு மணிக்குக்
குளியலறைக் கம்பியில் பையைக் கொழுவி
இரண்டு லிட்டர் நீரை வயிற்றுக்குள் இறக்கினேன்.
சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடம்.
தேநீருக்கு முன் இதுதான்.
இன்று மட்டும் அந்த நீருக்குச் சம்பளம்:
எழுபது பவுண், பஸ் காசு தனி.

ஓல்டர்ஷொட் முகாம். மழை ஒழுகும் கூடாரம்.
மணிக்கட்டில் ஓர் அட்டை கட்டினார்கள்:
சிப்பாய் ஹார்கின்ஸ், வயது இருபத்திரண்டு,
வாகனத்துக்கு அடியில் வெடி.
எனக்கு ஐம்பத்தெட்டு. யாரும் சிரிக்கவில்லை.
காயக்காரர் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

அடுத்த கட்டிலில் நிஜமாகவே இருபத்திரண்டு வயதுப் பொடியன்.
அவன் வயிற்றில் பொரித்த முட்டை தவிர ஒன்றுமில்லை.
எவனுக்குள் இரத்தம், கண்டுபிடி.
வெளியே நின்று பார்த்தால்
இரண்டும் வயிறுதான்.

சார்ஜன்ட் சொல்லிக் கொடுத்ததை நானும் கேட்டுக் கிடந்தேன்.
திரையில் சிவப்பு என்று ஒன்று கிடையாது.
ஈரல் சாம்பல். எலும்பு வெள்ளை.
எங்கே கறுப்புத் தேங்குகிறதோ அங்கே ஆள் சாகிறான்.
பிறகு, போகிற போக்கில்:
மண்ணீரல் கிழிந்தால் சிலருக்கு
வயிறு நோகாது,
இடது தோள் நோகும்.

காலையில் மூன்று பேர் என்னைச் சரியாகக் கண்டார்கள்.
இரண்டு லிட்டர் குருடனுக்கும் தெரியும்.
மதியம், கழுவிய கையை மறுபடி கழுவி,
கால் லிட்டர் மட்டும் விட்டு
மிச்சத்தை வடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நாலாவதாக லான்ஸ் கோப்ரல் அஸ்மிதா லிம்பு.
இரண்டு நிமிடம்.
வெளியே ஒருவன் தகர வாளியில் அடித்துக்கொண்டிருந்தான்,
அதுதான் ஷெல்.
களி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.
வலது விலாவில் வைத்தாள், இடதில் வைத்தாள்,
அடிவயிற்றில் அழுத்தினாள்,
நெஞ்சுக்குழியிலிருந்து மேலே சாய்த்து
இதயத்தைப் பார்த்தாள்.
வாளிச் சத்தத்துக்கு அது மட்டும்
நடிக்காமல் துள்ளிக்கொண்டிருந்தது.

‘ஒன்றுமில்லை’ என்றாள்.

ஒன்றுமில்லை.
தொண்ணூறாம் ஆண்டு, ஆஸ்பத்திரி விறாந்தை.
சபேசன் மீது மதில் விழுந்திருந்தது.
ஒரு கீறல் இல்லை, சட்டைப் பொத்தான்கூட அறவில்லை.
டொக்டரிடம் இரண்டு விரலும் ஒரு காதும் இருந்தன,
வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள்.
அமத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.
‘ஒண்டுமில்லை. விடியப் பாப்பம்.’
‘வயிறு பரவாயில்லையடா,
தோள்தான் உளையுது’ என்றான் அவன்.
நான் விடியும்வரை
தைலம் போட்டுத் தேய்த்தேன்,
நல்லாய்த்தான் தேய்த்தேன்,
சூடு பறக்க.

எந்தத் தோள் என்பதை
இத்தனை வருடத்தில்
இன்று காலைதான்
என்னிடம் யாரோ கேட்டது போலிருந்தது.

கருவியை அவள் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.
‘இடது தோள் நோகுது’ என்றேன்.
தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.
சார்ஜன்ட் தாளைப் புரட்டினார்:
‘அது ஹார்கின்ஸுக்கு எழுதவில்லையே.’

லிம்பு என் முகத்தைப் பார்க்கவில்லை.
மறுபடி களி பூசினாள்,
ஒரு விலா மேலே ஏறி,
முதுகுப் பக்கம் கையை இறக்கி,
கட்டிலில் முட்டி உரசும்வரை இறக்கி,
‘மூச்சை இழுங்கள்’ என்றாள்.
இழுத்தேன்.
மண்ணீரலின் விளிம்பில்,
நகம் வெட்டிப் போட்ட அளவில்
கறுப்பு.

அவள் கூவினாள்.
பந்து விளையாட்டில் கூவுவதுபோல, வெட்கமில்லாமல்.
பொடியன் எழும்பி உட்கார்ந்து கைதட்டினான்.
எனக்குத்தான்
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இரவு, மிச்சத்தையும் பையில் வடித்தேன்.
கலங்கியிருந்தால் கிருமி.
பைக்குப் பின்னால் ஏதாவது எழுத்தைப் பிடித்து
வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், தாதி சொன்ன முறை.
கையில் அகப்பட்டது அந்த அட்டை.

சிப்பாய் ஹார்கின்ஸ்.
வயிற்றில் இரத்தம். முதலில் அனுப்பவும்.
பதினான்கு ஐம்பத்திரண்டு என்று
நேரமும் போட்டிருந்தாள்.
இரண்டு தரம் வாசித்தேன்.
எல்லா எழுத்தும் தெரிந்தது.